பாரிசைச் சுற்றிய அமைதியான கிராமச் சாலைகள்: சைக்கிளில் போக வழி கேட்பவர்களுக்கு

கேள்வி

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். பிரான்சுக்கு வந்து ஐந்து மாதம், லா கூர்நெவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமப் பக்கமாக 50, 60 கிலோமீட்டர் சைக்கிள் ஓட விருப்பம். கார் குறைந்த சாலையை எப்படிக் கண்டுபிடிப்பது? ரயிலில் சைக்கிளை ஏற்ற விடுவார்களா?

பதில்

தம்பி, சாலை எண்ணின் முன்னால் இருக்கும் எழுத்தை முதலில் பாருங்கள். 'ஏ' என்றால் ஓத்தோரூத், அதாவது அதிவேக நெடுஞ்சாலை. அதில் சைக்கிளுக்குத் தடை. 'என்' தேசியச் சாலை. தடையில்லாத இடத்திலும் லாரிகள் உரசிக்கொண்டு போகும், விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது 'டி', அதாவது தெப்பார்த்மானின் (நம் மாவட்டம் போன்றது) சாலைகள். மிஷ்லான் வரைபடத்தில் சிவப்பு நிறச் சாலையைத் தவிர்த்து, மஞ்சளைக் கடக்க மட்டும் பயன்படுத்தி, வெள்ளை நிறச் சாலைகளை ஒன்றோடொன்று கோத்தால் வழி தானாக அமைந்துவிடும். ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் காட்சி அழகான சாலை என்று பொருள். ஆனால் அந்த அழகுக்காகவே ஞாயிறன்று மோட்டார் சைக்கிள்களும் அங்கே வரும்.

இன்னொரு நம்பகமான அடையாளம், நடுக்கோடு. சாலை நடுவே வெள்ளைக் கோடே போடவில்லை என்றால் அங்கே போக்குவரத்து குறைவு. போகுமுன் செயற்கைக்கோள் படத்தில் இரண்டு மூன்று இடங்களில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு சாலை இரண்டு சிறு கிராமங்களை மட்டும் இணைக்கிறதா, அல்லது இரண்டு நகரங்களுக்கு இடையே குறுக்கு வழியாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். குறுக்கு வழி எவ்வளவு ஒடுங்கியதாக இருந்தாலும் கார்கள் வேகமாக வரும். நடுத்தடுப்பு இல்லாத ஊர்வெளிச் சாலைகளில் 2018 ஜூலையிலிருந்து வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். சில தெப்பார்த்மான்களில் சில சாலைகளை மீண்டும் 90 ஆக்கிவிட்டார்கள்.

ரயிலைப் பொறுத்தவரை ஞாயிறு உங்களுக்குச் சாதகமான நாள். பாரிஸ் புறநகர் ரயில்களான ஆர்இஆர், திரான்சிலியன் இரண்டிலும் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் முழு நாளும் சைக்கிளை இலவசமாக ஏற்றலாம். வார நாட்களில் காலை 6:30 முதல் 9:30 வரை, மாலை 4:30 முதல் 7:30 வரை கூடாது. கதவில் சைக்கிள் படம் ஒட்டிய பெட்டியில் ஏறுங்கள். கெடுவது வேறிடத்தில். பாதைப் பராமரிப்பு வேலையைப் பெரும்பாலும் வார இறுதியில்தான் வைக்கிறார்கள். ரயிலுக்குப் பதிலாக விடும் பேருந்தில் சைக்கிளை ஏற்றமாட்டார்கள். சனி இரவே செயலியில் திரும்பும் ரயிலையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பதில்

மேலே சொன்னதோடு ஒரு திருத்தம். மூன்று, நான்கு இலக்க 'டி' எல்லாம் சின்னச் சாலை என்று நம்பிவிட வேண்டாம். 2006-ல் ஏராளமான தேசியச் சாலைகளைத் தெப்பார்த்மான்களிடம் ஒப்படைத்தபோது அவற்றுக்குப் புது எண் கொடுத்தார்கள். பழைய 'என் 10' சாலையின் ஒரு பகுதி டி 910 ஆனது. பழைய 'என் 14' நார்மண்டிக்குள் டி 6014 ஆனது. எண்ணின் கடைசியில் பழைய தேசிய எண் ஒளிந்திருந்தால் அது பெரிய சாலை. தெப்பார்த்மான் எல்லையைத் தாண்டியதும் அதே சாலையின் எண் மாறும் என்பதால், எண்ணை விட ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்வது நல்லது.

லா கூர்நெவிலிருந்து முதல் ஓட்டத்துக்கு 'ஊர்க்' (Ourcq) என்ற கால்வாயை விடச் சிறந்தது இல்லை. லா வில்லெத்திலிருந்து பந்தான், பொபினி, பொண்டி, செவ்ரான் வழியாக கிளே-சுயி வரை 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல் கால்வாய் ஓரமாகவே பாதை போகும், ஏற்றம் கிடையாது. பாதியில் களைத்தால் செவ்ரான்-லிவ்ரியில் ஆர்இஆர் பி நிற்கும். நடப்பவர்களும் குழந்தைகளும் அதிகம், பாலங்களுக்கு அடியில் வளைவு தெரியாது. அங்கே பெல் அடித்து மெதுவாகப் போங்கள்.

இரண்டாவதாக ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கு. ஆர்இஆர் பி கடைசி நிலையமான சான்-ரெமி-லெ-ஷெவ்ரூஸில் இறங்கி, தம்பியேர், செர்னே வழியாக ராம்புயே வரை போய், திரான்சிலியன் 'என்' (N) வழித்தட ரயிலில் பாரிசின் மொன்பர்னாஸ் நிலையத்துக்குத் திரும்பலாம். ஏறி இறங்கும் வழி, ஆனால் ஒவ்வொரு ஏற்றமும் 100 மீட்டருக்குள் அடங்கிவிடும். தம்பியேரில் டி 91-ன் 'பதினேழு வளைவுகள்' மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பிடித்த இடம். ஞாயிறு நடுப்பகலில் அந்தப் பக்கம் வேண்டாம்.

இந்த வட்டாரத்தில் அதிகம் பேசப்படாத வழி எப்த் ஆற்றோரம். பாரிசின் சான்-லசார் நிலையத்திலிருந்து 'ஜே' (J) வழித்தட ரயிலில் ஜிசோர் போனால் அங்கிருந்து கஸ்னி வரை சுமார் 20 கிலோமீட்டர் பழைய ரயில் தடத்தைத் தார் போட்டு வுவா வேர்த் (நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான பசுமைப் பாதை) ஆக்கியிருக்கிறார்கள். கார் இல்லை, ரயில் தடம் என்பதால் சரிவும் மிக மெல்லியது. 911-ல் பிரெஞ்சு அரசன் வைக்கிங் தலைவன் ரொல்லோவுக்கு நிலம் கொடுத்த சான்-கிளேர் இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. நார்மண்டியின் எல்லையாக நின்ற ஆறு இது. கஸ்னியிலிருந்து ஜிவெர்னி வழியாக வெர்னோனில் ரயில் ஏறலாம். அது நார்மண்டி பிராந்திய ரயில், திரான்சிலியன் விதிகள் பொருந்தாது. சைக்கிளுக்கான நிபந்தனையை டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள்.

கேள்வி

மிகவும் நன்றி. லுவார் ஆற்றோரம் போவது புதியவர்களுக்குக் கஷ்டமா? பஞ்சரானால் என்ன செய்வது?

பதில்

லுவார் சுலபம் தம்பி, தூரம்தான் அதிகம். 'லா லுவார் ஆ வேலோ' மொத்தம் சுமார் 900 கிலோமீட்டர். ஒரு நாளுக்கு ஒர்லேயான், ப்ளுவா இடையிலான பகுதி போதும். மென், பொஜான்சி இரண்டிலும் ரயில் நிலையம் இருப்பதால் எங்கு வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் ஒர்லேயானிலிருந்து தொடங்கி நாள் முழுக்க எதிர்க்காற்றில் மிதிக்கிறார்கள். இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வீசும். ரயிலில் ப்ளுவா வரை போய் ஒர்லேயானை நோக்கித் திரும்பி ஓட்டினால் காற்று முதுகில் தள்ளும். கோடையில் பிராந்திய ரயில்களில் சைக்கிள் இடம் சீக்கிரம் நிரம்பும். முன்பதிவு தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். வெக்சான், நார்மண்டி பக்கம் சுண்ணாம்பு நிலத்தில் சிலெக்ஸ் என்ற சிக்கிமுக்கிக் கல் நிறைய. மழைக்குப் பிறகு ஈரமான ரப்பரை அதன் துண்டு கத்திபோல் வெட்டும். பெரும்பாலோர் செய்யும் தவறு, டியூப்பை மட்டும் மாற்றிவிட்டு டயருக்குள் பார்க்காமல் விடுவது. பத்து நிமிடத்தில் புது டியூப்பும் போய்விடும். டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடைத்தால் துண்டு எங்கே என்று துணி மாட்டிக் காட்டும். டியூப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் அது கல் அல்ல. காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் ரிம் கடித்தது. 32 மில்லிமீட்டர் டயருக்கு, 70 கிலோ எடை உள்ளவர் முன்னால் 4 பார், பின்னால் 4.5 பார் வைத்தால் போதும். இரண்டு டியூப், இரண்டு டயர் லீவர், சிறு பம்ப் கட்டாயம். வால்வு மெல்லியதாக இருந்தால் அது பிரெஸ்தா. நுனித் திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். பெட்ரோல் நிலையப் பம்ப் அதற்குப் பொருந்தாது, சிறு பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும்.

கோடையில் 'கிராவியோன்' பலகை கண்டால் சாலையில் உதிரிச் சரளை. வளைவில் பிரேக் பிடிக்காமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். இலையுதிர் காலத்தில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை லாரிகள் மண்ணைக் கொட்டிப் போகும். மழை பட்டால் சேறு சோப்பு போல வழுக்கும்.

இன்னொரு பதில்

சாலை விதியில் புதியவர்கள் தடுமாறுவது 'பிரியோரித்தே ஆ துருவாத்'. கிராமத்துக்குள் பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சிறு சந்திலிருந்து வரும் காருக்குத்தான் முன்னுரிமை. நீங்கள் அகலமான சாலையில் வருகிறீர்கள் என்பதற்காக அவர் நிற்கமாட்டார். அவர் நிற்கவும் தேவையில்லை. மஞ்சள் வைரப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதன்மேல் கறுப்புக் கோடு போட்டிருந்தால் அது முடிந்துவிட்டது.

முந்தும் கார்கள் ஊருக்கு வெளியே 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். சாலை விளிம்பில் ஒட்டிப் போனால் இருக்கும் இடத்துக்குள்ளேயே முந்தப் பார்ப்பார்கள். விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி ஓட்டுங்கள். காதில் இயர்போன் இருந்தால் 135 யூரோ அபராதம். இரவிலும் மூடுபனியிலும் ஊருக்கு வெளியே ஒளிரும் மேற்சட்டை கட்டாயம். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களுக்கு இல்லை, ஆனாலும் போடுங்கள்.

பழைய சைக்கிள் வாங்கும்போது அதன் பிரேமில் அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் விற்கும் புதியவற்றுக்கு 2021 ஜனவரியிலிருந்தும், கடைக்காரர் விற்கும் பழையவற்றுக்கு அதே ஆண்டு ஜூலையிலிருந்தும் அது கட்டாயம். எண்ணைச் சுரண்டிய சைக்கிளைத் தொடாதீர்கள்.

சாப்பாடும் தண்ணீரும்தான் ஞாயிறு ஓட்டத்தைக் கெடுப்பவை. கிராமத்துப் பூலான்ஜெரி (ரொட்டிக் கடை) ஞாயிறு பகல் ஒரு மணிக்குள் மூடிவிடும். பல கடைகள் திங்களும் திறப்பதில்லை. ஆகவே புளிச்சாதமோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு போங்கள், வெயிலில் கெடாது. தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். 'ஒ நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்க வேண்டாம். கடையில் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லிவிட்டுத்தான் எதையும் கேளுங்கள். அது இல்லாமல் கேட்டால் முகம் சுருங்கும்.

செப்டம்பர் முதல் பிப்ரவரி இறுதி வரை வேட்டைக் காலம். காட்டோரம் 'ஷாஸ்' பலகை வைத்திருந்தால் மண்பாதைக்குள் இறங்காமல் தார்ச் சாலையிலேயே இருங்கள். டிசம்பரில் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். மூன்றரைக்குள் ரயில் நிலையம் சேருமாறு தூரத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.