ஜிக்ல கொடுவா தட்டுது, ஆனா முள்ளு ஏறல. எங்க தப்பு பண்றேன்?

ஆரம்பாக்கம்_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். ஊரு ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டியில ஷிப்ட் வேலை. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் தூண்டில். ஒரு வருஷமா பழவேற்காடு முகத்துவாரம் பக்கம் உயிர் இறால் போட்டுப் புடிச்சுட்டிருந்தேன், அதுல குறையே இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி ஜிக்குக்கு மாறினேன், அதான் ஈயத் தலை வச்ச முள்ளுல ரப்பர் மீனைக் கோத்து எறியிறது. அப்போலேருந்து மனசே ஆறல.

கடைசி மூணு ஞாயிறுல பதினோரு தட்டு எண்ணினேன். கரைக்கு வந்தது ஒண்ணே ஒண்ணு, முக்கா கிலோ கொடுவா. மத்ததெல்லாம் ‘டொக்’குனு ஒரு தட்டு, நான் ராடைத் தூக்குறேன், வெறும் ஜிக் வருது. நாலு தடவை ரப்பர் மீனோட வாலே இல்லாம வந்துச்சு.

சாமான்: 7 அடி மீடியம் ராடு, 3000 ரீல், 0.40 தங்கூஸ் (நைலான் நூல்), 20 கிராம் ஜிக்ஹெட், 4 இஞ்ச் ரப்பர் மீன். அமெரிக்காக்காரங்க பாஸ் மீன் புடிக்கிற வீடியோ நிறைய பார்த்தேன். அவங்க தட்டு வந்த உடனே ராடை வானத்தைப் பார்க்க வெடுக்குனு இழுக்குறாங்க. நானும் அப்படியேதான் பண்றேன். நடுவுல ஒரு ஞாயிறு ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடுறாங்கன்னு போக முடியல, அடுத்த ஞாயிறுக்குள்ள இதைச் சரி பண்ணியே ஆகணும். தெரிஞ்ச அண்ணனுங்க சொல்லுங்க.

முகத்துவாரம்_72:

முள்ளை நகத்து மேல வச்சு லேசா இழுத்துப் பாரு தம்பி. வழுக்கிட்டுப் போனா மொண்ணை. அங்க அடியில சிப்பியும் கல்லும் கிடக்கு, பத்து தடவை தரை தட்டினாலே முனை போயிடும். நான் பாக்கெட்டுல சின்ன அரம் வச்சிருக்கேன். மொதல்ல இதைப் பாரு, மத்தது அப்புறம்.

தடா_கரை:

தம்பி, மேல அண்ணன் சொன்னது சரி. ஆனா பதினோரு தட்டுல ஒண்ணுன்னா முள்ளு மட்டும் காரணமா இருக்காது. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படி.

நான் தடா. வீட்டுல தமிழ், தெருவுல தெலுங்கு. எங்க பக்கம் கொடுவாவை பண்டுகப்பான்னு சொல்லுவாங்க. எங்கப்பா தோணியில உக்காந்து கைத்தூண்டில் போட்டவர். நான் ஜிக் கையில எடுத்து பன்னெண்டு வருஷம் ஆகுது. மொத வருஷம் முழுக்க உன்னை மாதிரியே தட்டு எண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன், அதனால உன் ஆத்திரம் எனக்குத் தெரியும்.

அந்த வீடியோவுல வர்ற பாஸ் நன்னீர் மீன், நம்ம ஏரியில கிடையாது. அவங்க அதைச் செடி கொடிக்குள்ள புடிக்கிறாங்க. பாசி சிக்காம இருக்க ஜிக் முள்ளுக்கு முன்னாடி நார் மாதிரி ஒரு காப்பு இருக்கும். அந்தக் காப்பை மடக்கி முள்ளு ஏறணும், மீனைச் செடியிலேருந்து பிடுங்கவும் வேணும். அதுக்குத்தான் அந்த வெடுக்கு. அவங்க ராடு உன்னுதைவிட ரொம்ப விறைப்பு, லைனும் தடி. உன் மீடியம் ராடுல, இழுபடுற தங்கூஸ்ல, முப்பது மீட்டர் தள்ளி அதே வெடுக்கைக் கொடுத்தா பாதி பலம் தங்கூஸ் நீள்றதுலயே போயிடும். மீன் வாய்க்கு ஒண்ணும் போய்ச் சேராது.

ஆனா ஒரு விஷயத்துல ரெண்டு மீனும் ஒரே ஜாதி. கடிக்காது, உறிஞ்சும். கொடுவா வாயையும் செவுளையும் ஒரே நேரத்துல விரிச்சா முன்னாடி இருக்கிற தண்ணி அப்படியே உள்ள போகும், இரையும் அதோட போகும். நீ கேக்குற ‘டொக்’ அதுதான். உள்ள போனது ஈயமும் ரப்பரும்னு தெரிஞ்சா அதே வேகத்துல துப்பிடும். இதுல ரெண்டு சங்கடம் இருக்கு. லைன் விறைப்பா இருந்தா அது உறிஞ்சினாலும் ஜிக் முழுசா உள்ள போகாது, உதட்டுல பட்டுத் திரும்பும். லைன் ரொம்பத் தொளதொளன்னு இருந்தா உள்ள போனதே உனக்குத் தெரியாது, நீ இழுக்கிறப்போ தொளதொளப்பைத்தான் இழுக்குற.

அதனால ஜிக்கைத் தூக்கினதும் தானா விழ விடாதே. அது இறங்க இறங்க ராடு முனையும் கூடவே இறங்கணும். லைன்ல லேசா ஒரு வளைவு இருக்கணும், அவ்வளவுதான். தட்டுல முக்காவாசி அந்த இறக்கத்துலதான் வரும். கையில தெரியிறதுக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியும். லைன் பக்கவாட்டுல ஒரு துள்ளு துள்ளும், இல்லன்னா தரை வர்றதுக்கு முன்னாடியே நின்னு போயிடும். எத்தனை எண்ணினா தரை தொடுதுன்னு ஒவ்வொரு எறிக்கும் மனசுல எண்ணு. ஆறு எண்ற இடத்துல நாலுலயே நின்னா அது தரை இல்ல, மீனு.

அந்த நேரத்துல ராடைத் தூக்காதே. முனையைத் தண்ணிப் பக்கம் தாழ்த்து, ரீலை வேகமா ரெண்டு சுத்து சுத்து. கனம் கைக்கு வந்த பிறகு ராடைப் பக்கவாட்டுல நீளமா ஒரு இழுவை. வெடுக்கு வேணாம், இழுவை. மேல தூக்கினா முள்ளு நேரா மேல்வாய் எலும்புல போய் முட்டும். பக்கத்துல இழுத்தா வாய் ஓரத்துச் சவ்வுக்கு வரும், அங்க ஏறினா கழலாது. கொடுவா மேல எழும்பித் தலையை உதறும்போது ராடைத் தாழ்த்தியே வச்சிரு.

சாமான் விஷயம்: தங்கூஸை மாத்து. 20 பவுண்டு பிரெய்டு (பின்னின நூல், இழுபடாது), மஞ்சள் நிறம். கண்ணு பார்க்கத்தான் மஞ்சள். முனையில 40 பவுண்டு லீடர் (தடிச்ச முன் நூல்) ஒன்றரை மீட்டர், ஏன்னா கொடுவா செவுள் மூடியோட விளிம்பு பிளேடு. விரலையும் அங்க விடாதே. 20 கிராம் ஈயம் வத்தம் (கடலுக்கு வடியிற நீர்) வேகமா ஓடும்போது சரி. நீர் நின்ன நேரத்துல ரெண்டு மூணு மீட்டர் ஆழத்துக்கு அது கல்லு மாதிரி விழும், மீனு பார்க்கவே நேரம் இருக்காது. 10, 12 கிராம் போடு.

அந்த நாலு வாலைப் பத்தி: வெட்டு பிறை மாதிரி சுத்தமா இருந்துச்சா? அப்படின்னா அது பேத்தை (வயிறு ஊதிக்கிற மீன்), கொடுவா இல்ல. கொடுவா பல்லு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னுதான் இருக்கும், ரப்பரை வெட்டாது. ஆகவே உன் கணக்குல நாலைக் கழிச்சிடு. பேத்தை வந்தா இடத்தை மாத்து, ரப்பர்தான் வீணாகும்.

எங்கப்பா தூண்டில் நூலை ஆள்காட்டி விரல்ல ஒரு சுத்து சுத்தி வச்சிருப்பார். இறால் இறங்கும்போது விரலும் கூடவே இறங்கும். இத்தனை சாமான் வாங்கி நான் கத்துக்கிட்டது அந்த விரல் அசைவுதான்.

முகத்துவாரம்_72:

தடா அண்ணே, ஒண்ணுல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். கல்லு ஓரமா போடும்போது ரெண்டு சுத்து சுத்திட்டிருந்தா மீனு கல்லுக்குள்ள போயிடும். அங்க நான் உடனே இழுப்பேன், பத்துல நாலு போனாலும் பரவாயில்ல.

தடா_கரை:

கல்லு ஓரத்துல நீங்க சொல்றதுதான் சரி. நான் சொன்னது மணல் ஓடைக்கு.

பாடு_வீட்டுப்புள்ள:

தம்பி, ஒரு வேண்டுகோள். எங்க ஊர்ல எந்த இடத்துல யாரு வலை போடணும்னு பாடு முறையில சீட்டுப் போட்டுப் பிரிச்சிருப்போம். குச்சி நட்டிருக்கிற இடத்துல ஜிக் எறியாதீங்க. கரையில இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, இடம் காட்டுவாங்க. ஆந்திரா பக்கம் போனா சரணாலய எல்லையைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

இன்னொண்ணு. கொடுவா ஆணாத்தான் வளரும், சில வருஷம் கழிச்சுப் பெரிசானப்புறம் பொண்ணா மாறும். ஆறு ஏழு கிலோ மாட்டினா அது அநேகமா தாய் மீன். போட்டோ எடுத்துட்டு விட்டுடுங்க. எங்க பொழைப்பு அதுலதான் இருக்கு.

ஆரம்பாக்கம்_தம்பி:

அண்ணா எல்லாருக்கும் நன்றி. வால் போன ரப்பர் மீனுங்களை எடுத்துப் பார்த்தேன், பிறை வெட்டேதான். நாலும் பேத்தை.

ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரைக்குப் போனேன். பாடு பத்திக் கேட்டேன், ஒரு பெரியவர் தெக்கால இருக்கிற ஓடையைக் காட்டினார். மஞ்சள் பிரெய்டு, 12 கிராம். மொத ஒரு மணி நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் அஞ்சு எண்றப்போ லைன் நின்னுச்சு. கை தானா மேல போகப் பார்த்தது, அடக்கிட்டு ரெண்டு சுத்து சுத்தி இழுத்தேன். ரெண்டு கிலோ இருநூறு கிராம், முள்ளு வாய் ஓரத்துல. மொத்தம் நாலு தட்டு, மூணு ஏறுச்சு. மூணாவது பெருசு, பிரெய்டும் லீடரும் சேர்ற முடிச்சுல அறுத்துட்டுப் போயிடுச்சு. தடா அண்ணா, நீங்க என்ன முடிச்சு போடுறீங்க?

தடா_கரை:

எஃப்ஜி முடிச்சு. இருபது பின்னல், அப்புறம் எச்சில் தொட்டு ரெண்டு கையாலயும் நல்லா இறுக்கு. இறுகினா பிரெய்டு நிறம் கொஞ்சம் கருக்கும், அதுதான் அடையாளம். கருக்கலன்னா அவுத்துட்டு மறுபடி போடு. அடுத்த ஞாயிறு நான் பழவேற்காடு வர்றேன், ஓடைக்கரையில இரு, போட்டுக் காட்டுறேன்.