தி டேனிஷ் கேர்ள்: கெர்டா உண்மையிலேயே இப்படித்தானா?

மேசைவிளக்கு:
2015-இல் வந்த டாம் ஹூப்பரின் ‘தி டேனிஷ் கேர்ள்’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். மாடல் பெண் வராததால் ஓவியர் கெர்டா தன் கணவரையே காலுறை மாட்டிக்கொண்டு கவுனை மேலே வைத்துப் பிடிக்கச் சொல்கிறாரே, அங்கே கணவராக நடிக்கும் எட்டி ரெட்மெய்னின் விரல்கள் துணியைத் தடவுவதிலேயே எல்லாம் புரிந்துவிடுகிறது, வசனமே வேண்டாம். ஆனால் கணவர் லிலி என்ற பெண்ணாக மாறிய பிறகும் மனைவி கடைசி மூச்சு வரை கூடவே நிற்பது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. நிஜத்திலும் அப்படியா?

பழையரீல்:
இல்லை. லிலி எல்பே 1931 செப்டம்பரில் ஜெர்மனியின் டிரெஸ்டனில் இறந்தபோது கெர்டா பக்கத்தில் இல்லை. 1930-இலேயே டென்மார்க் மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் அவர்கள் திருமணம் செல்லாது என்று அறிவித்துவிட்டார், அடுத்த வருடமே கெர்டா ஓர் இத்தாலிய ராணுவ அதிகாரியைக் கட்டிக்கொண்டு மொராக்கோ போய்விட்டார். படத்தில் வரும் பால்ய நண்பர் ஹான்ஸ் கற்பனைப் பாத்திரம்.
இன்னொன்று, படம் 1926 கோபன்ஹேகனில் தொடங்கி, லிலி ஏதோ அன்றைக்குத்தான் பிறந்த மாதிரி காட்டுகிறது. இருவரும் 1904-இல் மணந்து 1912-இலேயே பாரிஸில் குடியேறியவர்கள். கெர்டாவின் ஓவியங்களில் வரும் அந்தப் பாதாம்கண் பெண் லிலிதான், அங்கே எப்போதோ பிரபலம். பெண்ணாக மாற லிலி செய்துகொண்ட அறுவை சிகிச்சையும் படத்தில் வருவது போல இரண்டு அல்ல, நான்கு. கடைசியாகக் கருப்பை பொருத்தப் பார்த்தார்கள். மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்தே இல்லாத காலம் அது!

தூரிகைக்காரி:
இயக்குநரை மட்டும் திட்டாதீர்கள், படம் டேவிட் எபர்ஷாஃப் 2000-இல் எழுதிய நாவலைத் தழுவியது, அதில் மனைவி கலிபோர்னியாக்காரியாகவே மாறிவிட்டார். என் கோபம் வேறு. கெர்டா பாரிஸ் பத்திரிகைகளுக்கு வரைந்து பேர் வாங்கியவர், பெண்கள் ஒருவரையொருவர் காதலிப்பதைக் கூச்சமில்லாமல் வரைந்தவர். அவர் லிலியை எப்படி நேசித்தார் என்பதற்கு அந்தப் படங்களைவிட நல்ல சாட்சி ஏது? அதை அப்படியே மூடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்டுக்கொடுக்கும் மனைவியாக்கிவிட்டார்கள். கெர்டாவாக நடித்த அலிசியா விகாண்டருக்குக் கிடைத்த ஆஸ்கரும் ‘துணை நடிகை’ ஆஸ்கர்தான், படம் முழுக்க அவர்தான் நிற்கிறார், என்ன கணக்கோ.

நீலக்கரை:
எனக்கு உறுத்தியது ரெட்மெய்ன். நடிப்பு மோசமில்லை, ஆனால் தலையைச் சாய்ப்பதும் வெட்கப்படுவதும் பட்டுத் துணியைத் தொடுவதும்தான் பெண்மை என்பது போல ஒரு திருநங்கையைக் காட்டினால் எப்படி? அந்த வேடத்தை ஏற்றது தவறு என்று அவரே 2021-இல் சொல்லிவிட்டார். திருமணம் பற்றிய படமாக மட்டும் பார்த்தால், ‘என் கணவர் எங்கே’ என்று கெர்டா அழும் இடங்களில் எனக்கும் தொண்டை அடைத்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மேசைவிளக்கு:
மொராக்கோவா! சுத்தமாக எதிர்பார்க்கவில்லை. அப்புறம் கெர்டா என்ன ஆனார்?

பழையரீல்:
அந்தத் திருமணமும் 1936-இல் முறிந்தது. டென்மார்க் திரும்பினார், அதற்குள் அவர் பாணி பழசாகிவிட்டது, கையில் காசும் இல்லை, 1940-இல் இறந்தார். இதை யாராவது எடுத்தால் முதல் காட்சிக்கே போவேன்.