கலைச்சொல் தேவை: ட்ராப்பில் நிற்கும் தண்ணீர்

திருச்சியிலிருந்து:

குழுமத்தாருக்கு வணக்கம்.

சொந்த வீடு கட்டுவோருக்கான குழாய்ப்பணிக் கையேட்டில் ஒரு சொல் இடிக்கிறது. ட்ராப் என்பது கழிவுநீர்க் குழாயிலிருந்து வாடை வீட்டுக்குள் வராமல் தடுக்க வைக்கும் வளைவு. நானி ட்ராப் (குளியலறைத் தரையில்), பாட்டில் ட்ராப் (வாஷ்பேசினுக்குக் கீழே), கல்லி ட்ராப் (வீட்டுக்கு வெளியே) ஆகியவற்றில் 'ட்ராப்' அப்படியே இருக்கட்டும். கடையில் வேறு எதைக் கேட்டாலும் கிடைக்காது. எனக்கு வேண்டியது, அந்த ட்ராப்பின் வளைவில் எப்போதும் நிற்க வேண்டிய தண்ணீருக்கான சொல். பிளம்பர்களில் சிலர் 'வாட்டர் சீல்' என்பார்கள். மற்றவர்கள் தண்ணீரையும் ட்ராப்பையும் பிரித்துப் பேசுவதே இல்லை.

பிரிக்காததால் பணம் வீணாகிறது. குளியலறையில் நாற்றம் என்றால் "ட்ராப் போச்சு" என்று டைல்ஸை உடைத்துப் புதிது வைக்கிறார்கள். ட்ராப் என்பது அசையும் பாகம் ஒன்றும் இல்லாத பிளாஸ்டிக் வளைவு. விரிசல் விட்டால் ஒழிய கெடாது. போயிருப்பது பெரும்பாலும் உள்ளே நின்ற தண்ணீர். கழிவுநீர்க் குழாய்க்குள் காற்று வருவதற்காக மொட்டைமாடிக்கு மேல் ஏற்றும் வென்ட் பைப் இல்லாத வீட்டில், மாடியில் ஃப்ளஷ் செய்ததும் புது ட்ராப்பின் தண்ணீரும் போய்விடும்.

அகராதி வழியில் 'நீரடைப்பு', 'நீர்முத்திரை' என்று இரண்டு வருகின்றன. கருத்துச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து:

'நீரடைப்பு' வேண்டாம் ஐயா. வேலை நடக்கும் இடத்தில் 'அடைப்பு' என்றால் முடியும் சோப்பும் சேர்ந்து தண்ணீர் போகாமல் நிற்பது. "நீரடைப்பு இல்லை, அதனால் நாற்றம்" என்று எழுதினால் படிப்பவருக்குத் தலைகீழாகப் புரியும். 'முத்திரை' பத்திரப் பதிவு ஆபீசுக்கே இருக்கட்டும்.

எந்தச் சொல் எடுத்தாலும் அது எந்த வினைகளோடு சேரும் என்று முதலில் பாருங்கள். இந்தத் தண்ணீர் போகும் வழிகளைச் சொல்கிறேன்.

வற்றிப் போவது எல்லோருக்கும் தெரியும். பூட்டிக் கிடக்கும் விருந்தினர் அறைக் குளியலறையில் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே 25 மிமீ ஆழத் தண்ணீர் ஒரு மாதத்துக்குள் காலி. தரையில் வைக்கும் ட்ராப்பில் 50 மிமீ இருக்க வேண்டும். ஆனால் சங்கன் ஸ்லாபை (குழாய்களுக்காகத் தாழ்த்திப் போடும் குளியலறைத் தளத்தை) 9, 10 இஞ்ச் இறக்காமல் 6 இஞ்சோடு நிறுத்திவிட்டு, முழு உயர ட்ராப் உட்காரவில்லை என்று குட்டை ட்ராப் வாங்கி வைக்கிறார்கள். அவற்றில் சிலவற்றில் பாதி ஆழம்கூட இல்லை. நாற்றம் குடிவந்த பிறகு தெரிகிறது; தப்பு சென்ட்ரிங் அடித்த அன்றே நடந்துவிட்டது.

அடுத்தது இழுபட்டுப் போவது. வாஷ்பேசினில் 32 மிமீ வேஸ்ட் பைப்பை நீளமாகவும் செங்குத்தாகவும் ஓட்டினால், பேசின் நிறையத் தண்ணீரைத் திறந்துவிடும்போது பைப் முழுவதும் நிரம்பி ஓடி, கடைசியில் ட்ராப்பில் நிற்க வேண்டியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். முடிவில் 'குளுக்' என்று ஒரு சத்தம் வந்தால் அதுதான். ட்ராப்பை விட்டு வெளியே வந்ததும் 40 அல்லது 50 மிமீ பைப்புக்கு மாறி, மீட்டருக்கு 20, 25 மிமீ சரிவு கொடுத்தால் பைப்பின் மேற்பாதியில் காற்று நிற்கும், இழுப்பு இருக்காது. 32 மிமீ பைப்பையே ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் 1.7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சரிவு அதிகம் கொடுத்தால் நல்லது என்ற நினைப்பு இங்கே செல்லாது.

அதே இழுப்பு வேறிடத்திலிருந்தும் வரும். மாடிக் கழிப்பறையிலிருந்து 110 மிமீ பைப்பில் தண்ணீர் ஒரு கட்டியாக இறங்கும்போது தனக்குப் பின்னால் காற்றைக் கேட்கும். மேலே வென்ட் இல்லையென்றால் வழியில் உள்ள நானி ட்ராப் வழியாகத்தான் காற்றை எடுக்கும்.

தள்ளுவதும் உண்டு. அதே தண்ணீர் அடியில் 90 டிகிரி எல்போவில் மோதி நிற்கும்போது முன்னால் உள்ள காற்று நசுங்கி, தரைத்தள ட்ராப்பில் கொப்புளமாக வெளியே வரும். அடியில் ஒரு எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்ட் போட வேண்டும். நிற்கும் பைப்பில் சேரும் மிகக் கீழான கிளை, கிடைக் குழாயின் அடிமட்டத்திலிருந்து குறைந்தது 450 மிமீ மேலே இருக்க வேண்டும். தரைத்தளக் குளியலறையைத் தனி லைனாக வெளியே உள்ள சேம்பருக்கே (கழிவுநீர்த் தொட்டிக்கே) கொண்டுபோவது இன்னும் நல்லது.

கடைசி வழி அற்பமானது, ஆனால் கண்டுபிடிக்க நேரமாகும்: மாப் நூலோ நீள முடியோ விளிம்பில் தொங்கினால் திரி எண்ணெய் இழுப்பது போல ராத்திரி முழுக்கத் தண்ணீரை மறுபக்கம் இறக்கிவிடும்.

ஆக, வற்று, இழு, தள்ளு, இறங்கு, ஊற்று. இத்தனைக்கும் ஒத்துவரும் பெயர் வேண்டும்.

கோவையிலிருந்து:

ஜெர்மன் மொழியில் இந்த வளைவுக்கு 'கெருக்ஸ்ஃபெர்ஷ்லுஸ்' என்று பெயர். வாடையை மூடுவது என்று பொருள். பிரெஞ்சில் 'சிஃபோன்', வளைகுழாய். ஒன்று பயனைப் பார்க்கிறது, மற்றது வடிவத்தை. தமிழில் பயன் வழியே போகலாம். என் முன்மொழிவு 'நீர்த்தாழ்'. கதவுக்குத் தாழ் போல வாடைக்கு நீர். சிறிய சொல், 'நீர்த்தாழ் ஆழம்', 'நீர்த்தாழ் இழப்பு' என்று தொடரும்.

மதுரையிலிருந்து:

> என் முன்மொழிவு 'நீர்த்தாழ்'

அழகாக இருக்கிறது அம்மா. ஆனால் 'நீர்த்தாழ்வு' என்று யாராவது ஒரு எழுத்துச் சேர்த்து அச்சிட்டால் தண்ணீர் மட்டம் குறைந்தது என்று ஆகிவிடும். நாம் பேசுவதே மட்டம் குறைவதைப் பற்றி. தாழ் வற்றாது, தாழை ஊற்றவும் முடியாது.

திருச்சியிலிருந்து:

வினைப் பட்டியல் உதவியது. பெயரின் முடிவில் 'நீர்' வந்தால் இந்த வினைகள் தாமாக ஒட்டும். 'தேங்குநீர்' என்று பார்த்தேன். டெங்கு நோட்டீஸ் நினைவுதான் வரும், உடனே யாராவது துடைத்து எடுத்துவிடுவார்கள். 'தடுப்புநீர்' நடக்கும், ஆனால் எதைத் தடுக்கிறது என்ற கேள்வி நிற்கிறது.

'காவல்நீர்' எப்படி? காவல்நீர் வற்றிவிட்டது; மேல்மாடி ஃப்ளஷ் காவல்நீரை இழுத்துவிட்டது; காவல்நீர் ஊற்றி வைக்கவும்.

கோவையிலிருந்து:

நீரைக் காவல் காப்பது என்று புரிந்துகொள்ள மாட்டார்களா? பாசன ஊர்களில் மடைக்குக் காவல் இருப்பது பழைய வழக்கம்.

திருச்சியிலிருந்து:

காவல்நாய் என்றால் நாயைக் காப்பது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, காக்கும் நாய். காவல்தெய்வமும் அப்படியே.

சென்னையிலிருந்து:

காற்றோட்ட வடிவமைப்புப் பக்கத்திலிருந்து 'காவல்நீர்' என்பதற்கு என் ஆதரவு. இந்த நீர் எவ்வளவு தாங்கும் என்பதை வாசகருக்கு எண்ணால் காட்டலாம். 1 மிமீ நீரின் அழுத்தம் ஏறக்குறைய 9.8 பாஸ்கல். ஆகவே 50 மிமீ காவல்நீர் சுமார் 490 பாஸ்கல் வரை எதிர்த்து நிற்கும். குளியலறையில் மாட்டும் சிறிய எக்ஸாஸ்ட் ஃபேன், கதவு ஜன்னல் அடைத்திருந்தாலும் சில பத்து பாஸ்கல்தான் இழுக்கும். அதாவது நிறைந்த காவல்நீரை ஃபேன் அசைத்துப் பார்க்கும், உடைக்க முடியாது. காவல்நீர் வற்றிய ட்ராப் என்றால் கதை வேறு: அறைக்குள் வரும் காற்றுக்கு மிக எளிய வழி செப்டிக் டேங்கிலிருந்து வரும் பைப்தான். "ஃபேன் போட்டால் நாற்றம் கூடுது" என்ற புகாருக்குக் காரணம் இது. ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. கதவின் அடியில் 15, 20 மிமீ இடைவெளி விட்டு, காவல்நீரை நிரப்ப வேண்டும்.

2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் பரவி முந்நூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றபோது, காவல்நீர் வற்றிப்போன தரை வடிகால் ட்ராப்புகளும் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களும் சேர்ந்து கிருமி கலந்த காற்றை அறைகளுக்குள் கொண்டுவந்தன என்றே விசாரணை சொன்னது. நாற்றம் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள்.

கோவையிலிருந்து:

சரி, தாழை விட்டுக்கொடுக்கிறேன். அப்படியானால் 'சைஃபனேஜ்' என்பதற்கு 'இழுப்பு' போதும். தன் பைப்பாலேயே வருவது 'தன்னிழுப்பு'. அடுத்த இணைப்பின் ஓட்டத்தால் வருவது 'அயலிழுப்பு'. கீழிருந்து காற்று தள்ளுவது 'எதிர்த்தள்ளல்'. இழுப்பு என்றால் மூச்சிரைப்பும்தான், ஆனால் காற்றுக்குத் திணறும் பைப்புக்கு அது பொருந்தாமல் இல்லை.

மதுரையிலிருந்து:

'அயலிழுப்பு' நல்ல சொல். எங்கள் ஆட்களுக்கு ஒரே தடவையில் புரியும். வென்ட் பைப்பை மட்டும் மாற்றாதீர்கள், 'வென்ட்' என்றே இருக்கட்டும்.

திருச்சியிலிருந்து:

சொற்களை வைத்து ஒரு பகுதி எழுதிப் பார்த்தேன். எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்.

"குளியலறையில் வாடை வந்தால் டைல்ஸை உடைக்கும் முன் காவல்நீரைச் சோதிக்கவும். ஜாலியைக் கழற்றி, ட்ராப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றவும். ஈர்க்குச்சியை விட்டு, நனைந்த உயரத்தைக் குறிக்கவும். மாடிக் கழிப்பறையை மூன்று தடவை ஃப்ளஷ் செய்துவிட்டு மறுபடி அளக்கவும். மட்டம் இறங்கியிருந்தால் அயலிழுப்பு: 110 மிமீ நிற்கும் பைப்பை அளவு குறைக்காமல் மொட்டைமாடிக்கு மேல் ஏற்றி, கௌலும் (பைப் முனை மூடி) கொசுவலையும் போடவும். மாடியில் ஆள் நடமாட்டம் உண்டென்றால் தரையிலிருந்து 2 மீட்டர் உயரம் வேண்டும். பக்கத்து ஜன்னலுக்கு 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். வாட்டர் டேங்கின் ஏர் பைப்பை வென்ட் என்று நினைத்துவிட வேண்டாம்.

"ஃப்ளஷுக்கு மட்டம் அசையவில்லையானால், ட்ராப்பின் வாயைத் தட்டால் மூடி ஓர் இரவு விடவும். மூடிய பிறகும் இறங்கினால் விரிசல் அல்லது விளிம்பில் முடி, நூல். விரல் விட்டுத் துடைத்த பின்பும் இறங்கினால் மட்டுமே உடைக்க வேண்டும். மூடி வைத்தபோது இறங்காமல், திறந்து வைத்தால் நாள் போக்கில் இறங்கினால் வெறும் வற்றல்தான். மாதம் இரண்டு முறை ஒரு லிட்டர் ஊற்றினால் போதும். நீண்ட நாள் ஊருக்குப் போகிறவர்கள் மேலே இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் போகலாம். 75 மிமீ வாயில் அது இரண்டு மில்லிமீட்டர் ஏடாக நின்று வற்றுவதைத் தடுக்கும்."

மதுரையிலிருந்து:

படித்தேன். இரண்டு இடம். வாஷ்பேசினுக்குக் கீழே ஸ்பிரிங் மாதிரி நெளியும் பைப்பைத் தரை ஓட்டையில் நேராகச் செருகிவிடுகிறார்களே, அதில் காவல்நீரே கிடையாது என்று தனியாக ஒரு வரி வேண்டும். வளைத்துக் கட்டினாலும் கட்டு தளர்ந்ததும் நேராகிவிடும். பாட்டில் ட்ராப் மாதிரி நெளியாத ட்ராப் வைப்பதே வழி. ட்ராப்புக்குப் பிறகு இன்னொரு ட்ராப் வைத்தால் பாதுகாப்பு இரண்டு மடங்கு என்று வைக்கிறவர்களும் உண்டு. நடுவில் வென்ட் இல்லாமல் அப்படி வைத்தால் இரண்டுக்கும் இடையே காற்று மாட்டிக்கொண்டு தண்ணீர் மெல்லத்தான் இறங்கும்.

சென்னையிலிருந்து:

ஒரு திருத்தம். '50 மிமீ காவல்நீர்' என்று எழுதினால் ஈர்க்குச்சி அடிவரை நனைந்த மொத்த உயரத்தை வாசகர் எடுத்துக்கொள்வார். 75 மிமீ ட்ராப்பில் குச்சி 120 மிமீ நனைந்தும் காவல் வெறும் 40 மிமீ ஆக இருக்கலாம். கணக்குக்கு உரியது தண்ணீர் வழிந்து வெளியேறும் விளிம்புக்கும், வளைவின் உட்கூரை தண்ணீருக்குள் இறங்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட உயரம் மட்டும். முதலாவதை 'வழிவிளிம்பு' என்றும் மற்றதைத் 'தாழ்விளிம்பு' என்றும் சொன்னால், கோவை அம்மாவின் தாழுக்கும் ஓர் இடம் கிடைக்கும். எந்த இழுப்புக்குப் பிறகும் மட்டம் தாழ்விளிம்புக்கு மேல் 25 மிமீ நிற்க வேண்டும் என்றும் அந்த இடத்திலேயே சேர்த்துவிடுங்கள். படத்தில் இரண்டு விளிம்பையும் கோடு போட்டுக் காட்டினால் கடையில் ட்ராப்பைக் கையில் எடுத்து ஸ்கேல் வைத்தே அளந்து வாங்கலாம்.