78 இசைத்தட்டைப் புதிய பொறியில் இயக்கலாமா?

கேள்வி (கிளிநொச்சி):
இடப்பெயர்வுக்கு முன்னர் அப்பப்பா வவுனியாவில் உறவினர் வீட்டில் ஒப்படைத்த இசைத்தட்டுகள் உடையாமல் திரும்பக் கிடைத்துள்ளன. அவற்றில் 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) என அச்சிடப்பட்டுள்ளது. என் பொறியிலோ 33, 45 ஆகிய வேகங்களே உள்ளன. வேகத்தை மாற்றினால் மட்டும் போதுமா?

பதில் (முல்லைத்தீவு):
போதாது, அண்ணா. 78 தட்டின் தடம் அகலமானதால், முனையின் ஆரம் ஏறத்தாழ 75 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உள்ள ஊசி தேவை. 1948இல் அறிமுகமான நுண்தட நெடுந்தட்டுகளுக்குரிய (33 வேகத்தில் சுழலும் எல்.பி. தட்டுகள்) ஊசியின் ஆரம் 18 முதல் 25 மைக்ரோன் மட்டுமே என்பதால், அது பழைய தடத்தின் அடியில் உரசி, அங்கு படிந்த தூசியையே இரைச்சலாக ஒலிக்கச் செய்யும். உங்கள் ஊசித்தலைக்கு (பொறியின் கையில் ஊசியைத் தாங்கும் பகுதி) பொருந்தும் 78 ஊசி கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊசி கிடைத்தால், 45இல் இயக்கிப் பதிவுசெய்து, கணினியில் 1.73 மடங்கு விரைவாக்கலாம்.

பதில் (மாங்குளம்):
தயவுசெய்து மதுசாரத்தால் துடைக்காதீர்கள். அவை பெரும்பாலும் அரக்குத் தட்டுகளாகவே இருக்கும், அரக்கு அதில் கரையும். எங்கள் வீட்டில் ஒரு தட்டை அப்படித்தான் இழந்தோம். இன்றும் மனம் ஆறவில்லை. வடித்த நீரில் சற்றே நனைத்த மென்துணி போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஊசித்தலையின் இலக்கத்தைப் பார்த்து எழுதுகிறேன். அதுவரை ஒரு தட்டையும் இயக்கமாட்டேன்.