தழும்பின் அடியில் ஒட்டிப்போன இழையப் படைகள்

கிளிநொச்சியிலிருந்து, இயன்மருத்துவப் பணியாளர்:

எங்களிடம் வருவோரில் 2009 இல் எறிகணைச் சிதறல் பட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எலும்பு பொருந்திவிட்டது, தசையும் இயங்குகிறது, ஆனாலும் கை சொற்கேட்பதில்லை என்பார்கள். பரந்தன் பக்கத்து விவசாயி ஒருவருக்கு மண்வெட்டி பிடிக்க முடிந்தது. நிலத்தில் உள்ளங்கையை ஊன்றி எழ முடியவில்லை. மணிக்கட்டைப் பின்னே சாய்த்தால் விரல்கள் தாமாகவே மடங்கின. முன்கையின் உட்புறத் தழும்பில் பெருவிரலை வைத்துக்கொண்டு விரல்களை மடக்கச் சொன்னேன். தோல் அசையாமல் கிடக்க வேண்டிய இடத்தில், தழும்பு குழிந்து முழங்கைப் பக்கமாக இழுபட்டது.

தோலுக்கும் தசைக்கும் இடையிலும், ஒரு தசைக்கும் அடுத்த தசைக்கும் இடையிலும் தொடுப்பிழையத்தின், அதாவது உடற்பகுதிகளை இணைத்துத் தாங்கும் இழையத்தின், மெல்லிய படைகள் உள்ளன. அவை ஈரலிப்போடு ஒன்றன்மேல் ஒன்று வழுகுவதாலேயே நாம் தடையின்றி அசைகிறோம். ஆழமான காயம் ஆறும்போது நார்க்கலங்கள் கொலாஜன் என்ற புரத நார்களை அவசரமாகவும் ஒழுங்கின்றியும் இட்டு நிரப்ப, அப்படைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. ஆறிவரும் காலத்தில் அளவாக அசைத்தால் அந்நார்கள் இழுவிசையின் திசையில் ஒழுங்குபடும். இடம்பெயர்ந்து முகாமில் கிடந்தவருக்கு அந்தக் காலம் எங்கே வாய்த்தது? எண்ணெய் உருவினால் பழைய தழும்பு கரைந்துவிடும் என்பதை நான் ஏற்பதில்லை. நாள்தோறும் மெதுவாக நீட்டிக்கும் பயிற்சியே ஓரளவு பலன் தருகிறது. சிலருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும்.

மல்லாவியிலிருந்து, இறைச்சிக்கடை நடத்துபவர்:

அந்தப் படைகளை நான் ஆடு உரிக்கையில் காண்கிறேன். தோலுக்கு அடியிலுள்ள வெண்படலம் கத்தி படாமல், கைமுட்டியால் தள்ளவே விலகும். முள்ளுக்கம்பி ஆழக் கிழித்து ஆறிய இடத்தில் மட்டும் கத்தி வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பின்காலில் குதிநாணுக்கும் எலும்புக்கும் நடுவே கொளுக்கியைச் செருகித் தொங்கவிட்டால் முழு உடலின் பாரத்தையும் அந்த நாண் தாங்கும். நீரிழிவுள்ள என் அக்காவுக்குத் தோள் இறுகி, தலைவாரக் கை எழவில்லை. அதுவும் இவ்வாறு ஒட்டியதுதானா?

கிளிநொச்சியிலிருந்து:

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்குவது மற்றவர்களைவிட அதிகம்; அதற்குக் காயம் பட்டிருக்க வேண்டியதில்லை. வலிக்க வலிக்கக் கையை இழுத்துவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.