கலைச்சொல் உதவி: வெண்கட்டிப் புல்வெளி? (அவசரம்)

குழுவினருக்கு வணக்கம்.
ஞாயிறன்று எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை இங்கே கென்ற்றில் உள்ள பார்க் கேட் டவுன் என்ற புல்வெளிக்குக் கூட்டிப்போகிறோம். குரங்கு ஓர்க்கிட் பூக்கும் காலம். இங்கிலாந்திலேயே அது விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் உண்டு. ஒவ்வொரு பூவும் கை, கால், வாலோடு குட்டிக் குரங்குபோல் தொங்கும். பிள்ளைகள் கையில் கொடுக்க ஒரு பக்கக் குறிப்பு வேண்டும், வியாழன் இரவு அச்சு. 'சோக் கிராஸ்லாண்ட்' என்பதற்கு 'வெண்கட்டிப் புல்வெளி' என்று போட்டேன். மண் ஒரு சாண்கூட இல்லை, அடியில் முழுக்க வெள்ளைப் பாறை. சத்துக் குறைந்த நிலம் என்பதால் எந்தப் புல்லும் கொழுத்து மற்றதை அமுக்காது. ஒரு சதுர மீற்றருக்குள் 40 வகைச் செடிகூட நிற்கும். பெயர் சரியா?
— ச.

அக்கா, வெண்கட்டி என்றால் கோவையில் யாருக்கும் புரியாது, இங்கே சாக்பீஸ்தான். அதுவும் இப்போது பெரும்பாலும் ஜிப்சம்! 'சுண்ணாம்புப் புல்வெளி' போதாதா? ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியை அப்படியே டவுன்ஸ் என்று சொல்லி நூறு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம். பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்றால் குன்று. டவுன் என்று பெயர், ஏறத்தான் வேண்டும்.
— ப.

அன்புடையீர், சுட்டு நீற்றினால்தான் சுண்ணாம்பு. சுள் என்னும் வேர் சுடுதலைக் குறிக்கும். சுள்ளி, சுள்ளென்ற வெயில், சுண்ணம். சுடாத பாறையைச் சுண்ணாம்பு எனல் பிழை. 'சீமைச்சுண்ணாம்பு' என்று அகராதியிலேயே சொல் உண்டு.
— இரா.

ஐயா, சுண்ணம் பிராகிருதத்திலிருந்து வந்தது, வடமொழியில் சூர்ணம். சுள்ளியை விட்டுவிடுங்கள். தவிர, உங்கள் சீமைச்சுண்ணாம்பிலும் அதே சுண்ணாம்புதானே இருக்கிறது?
— கு.

ஐயா, சீமைக் கருவேலம், சீமை ஓடு எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. இந்தப் பிள்ளைகள் பிறந்ததே கென்ற்றில். அவர்கள் காலடியில் கிடக்கிற கல்லை நான் எப்படிச் சீமைக் கல் என்று சொல்வது? அவர்களுக்குச் சீமை வல்வெட்டித்துறை.
— ச.

கல் எதனால் ஆனது என்று பார்த்தால் தீர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கடல்பாசிகளின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்து இறுகியது. நம் ஊரில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தவர்களுக்கு இது அந்நியமா? 'ஓட்டுவெண்பாறை' என்போம்.
— கு.

கூரை ஓடு என்று நினைப்பார்கள்.
— ப.

நிலத்தின் இயல்பைப் பாருங்கள். ஆடு மேய்வதால் நிற்கும் நிலம்; மேய்ச்சல் நின்றால் முட்புதர் ஏறிவிடும். 1950களில் மிக்ஸோமடோசிஸ் நோயில் முயல்கள் மடிந்தபோது பல சரிவுகள் அப்படித்தான் மூடிப்போயின. ஆயர் நிலம் முல்லை அல்லவா? 'வெண்முல்லை'. ஓர்க்கிட் என்பதையும் மாற்றுக. கிரேக்கத்தில் அது கிழங்கின் வடிவம் பற்றி வந்த பெயர், பொருள் ஆண் விதை. நம்மிடமும் விதைக்கு அப்பொருள் உண்டு. 'விதைப்பூ'.
— இரா.

ஐயா, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நின்று விளக்குவது நான். வெண்முல்லை என்றால் மல்லிகைப் பந்தலைத் தேடுவார்கள்.
— ச.

மலையாளத்தில் மரவாழ என்கிறார்கள். ஆனால் அது மரத்தில் தொற்றுவது, இது தரையில். ஆர்க்கிட்டை ஆர்க்கிட்டாகவே விடலாம். அதன் விதையோ தூசுமாதிரி, பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். விதையைப் பெயரில் வைப்பது கொஞ்சம் ஓவர்.
— ப.

வியாழன் மாலை. நாலு பேர் வெண்கட்டி என்கிறீர்கள், அதில் இரண்டு பேர் அலுத்துப்போய். 'வெண்கட்டிப் புல்வெளி' என்றே அடிக்கிறேன். கீழே சின்ன எழுத்தில் சீமைச்சுண்ணாம்பும் இருக்கும், இரா. ஐயாவுக்காக.
— ச.

அச்சேறியது ஏறட்டும். கட்டி என்பது கையில் பிடிப்பது. மலையைக் கட்டி என்பதில்லை. பதிவுக்காக எழுதி வைக்கிறேன்.
— இரா.

வெல்லக்கட்டி, மண்ணாங்கட்டி?
— கு.

அவையும் கையில் பிடிப்பவையே.
— இரா.