ஜோ கிரீனுக்கு நடந்தது அநியாயமா, இல்லை பில் கவ்ஹர்தான் சரியான ஆளா?

எஃகுத்திரை75:
ரொம்ப நாளாக மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்-லில், 1991 சீசனோடு சக் நோல் விலகியபோது பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஹெட் கோச் பதவிக்குப் போட்டியில் இருந்தவர்களில் ஜோ கிரீனும் ஒருவர். அதே அணியில் 1987-லிருந்து டிஃபென்சிவ் லைன் கோச், அதாவது தடுப்பாட்டத்தின் முன்வரிசைக்குப் பயிற்சியாளர். 1969-இல் நோல் வந்ததும் டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் தேர்வு) எடுத்த முதல் ஆளே இவர்தான், அந்த வருஷம் 14 ஆட்டத்தில் 13-ஐத் தோற்ற அணி அப்புறம் நான்கு சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) ஜெயித்தது என்றால் அதற்கு அஸ்திவாரம் இவர். அவரை விட்டுவிட்டு 34 வயது பில் கவ்ஹரைக் கூட்டி வந்தார்கள். கிரீன் மயாமிக்குப் போனார், அப்புறம் அரிசோனா, 2003 வரைக்கும் கோச்சாகவே ஓட்டினார், ஹெட் கோச் பதவி மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. இது அநியாயம். மறுப்பவர்கள் வரலாம்.

மூன்றாம்டவுன்:
வந்துவிட்டேன். கவ்ஹர் முதல் ஆறு சீசனும் பிளேஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்று) போனார், ஆறும். 1995 சீசனில் சூப்பர் பவுல் வரை போய்த் தோற்றார், 2005 சீசனில் கோப்பையே வாங்கிக் கொடுத்தார். இப்படிப்பட்ட தேர்வைத் தப்பு என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! கவ்ஹர் கன்சாஸ் சிட்டியில் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டராக, அதாவது மொத்தத் தடுப்பாட்டத்துக்கும் பொறுப்பாளராக, இருந்துவிட்டு வந்தவர், கிரீன் கோஆர்டினேட்டராகவே இருந்ததில்லை. நல்ல ஆட்டக்காரர் என்பதற்காக மொத்த அணியையும் தூக்கிக் கையில் கொடுக்க முடியுமா? 1989 முதல் ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா, சொந்த ஊரில் கிளீவ்லாந்திடம் 51-0. அந்த லைனுக்குக் கோச் யார்?

எஃகுத்திரை75:
அந்த 51-இல் எவ்வளவு நம் ஆஃபென்ஸ் (தாக்கி ஆடும் பிரிவு) பந்தைத் தொலைத்துக் கொடுத்தது என்று பாருங்கள். கிளீவ்லாந்தின் டிஃபென்ஸே டச்டவுன் போட்ட ஆட்டம் அது, லைன் கோச் என்ன செய்வார், உள்ளே இறங்கி பந்தைப் பிடுங்குவாரா? அதே அணி அந்த சீசனில் 9-7 (ஒன்பது வெற்றி, ஏழு தோல்வி) என்று முடித்து, பிளேஆஃபில் ஹூஸ்டனை ஓவர்டைமில் வீழ்த்தி, டென்வரிடம் ஒரே ஒரு புள்ளியில், 24-23, தோற்றதே, அதை ஏன் சொல்லவில்லை?

கோஆர்டினேட்டராக இருக்கவில்லை என்கிறீர்கள். ஆர்ட் ஷெல் எங்கே கோஆர்டினேட்டராக இருந்தார்? ரெய்டர்ஸ் அணியில் ஆஃபென்சிவ் லைன் கோச், 1989 சீசன் நடுவில் நேராக ஹெட் கோச், அடுத்த வருஷமே 12-4.

மூன்றாம்டவுன்:
அந்த 12-4 எங்கே போய் முடிந்தது என்பதையும் சொல்லுங்கள். சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டமான ஏஎஃப்சி இறுதியில் பஃபலோவிடம் 51-3. (இந்த 51 நம்மை விடமாட்டேன் என்கிறது.) டிஃபென்சிவ் லைன் கோச்சை நேராக ஹெட் கோச் ஆக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ராட் மாரினெல்லி இருக்கிறார். டம்பாவில் பிரமாதமான லைன் கோச். டெட்ராய்ட் போனார், 2008-இல் 0-16.

எஃகுத்திரை75:
டெட்ராய்ட்டில் யார் போயிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். அடுத்தது.

வேடிக்கைபார்ப்பவன்:
புதியவன், ஒரு சந்தேகம். கிரீன் ஆடிய விதத்தில் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஏதாவது இருந்ததா? ஆளைப் பார்த்தால் ஆறடி நான்கு அங்குலம், நேராகப் போய் இடித்துத் தள்ளியிருப்பார் என்று தோன்றுகிறது. கோக் விளம்பரத்தில் அந்தச் சின்னப் பையனுக்கு ஜெர்சியைத் தூக்கிப் போடுவாரே, அதைத் தவிர எனக்கு அதிகம் தெரியாது.

எஃகுத்திரை75:
நல்ல கேள்வி தம்பி. சாதாரணமாக டேக்கிள் (டிஃபென்ஸ் முன்வரிசையின் நடுவில் நிற்பவர், கிரீனின் இடம்) எதிரே இருக்கிற கார்டுக்கு நேராக நிற்பார்; பந்தைப் பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடங்குபவர் சென்டர், அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் கார்டு. 1974 சீசனில் கிரீன் உடம்பைச் சாய்த்துத் திருப்பி, சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்துக் கோணலாக நிற்க ஆரம்பித்தார். பந்து நகர்ந்த கணத்தில் அந்தச் சந்துக்குள் புகுந்துவிடுவார். அவரை ஒருவர் தடுக்க முடியாது, சென்டரும் கார்டும் சேர்ந்து தடுக்க வேண்டும், இரண்டு பேரும் அவரிடமே மாட்டிக்கொண்டால் பின்னாலிருக்கும் ஜாக் லாம்பர்ட்டைத் தொட ஆளே இல்லை, அவர் பாட்டுக்கு ஓடிப்போய் பந்து வைத்திருப்பவனைப் பிடிப்பார். அந்த சீசனின் சூப்பர் பவுலில் மின்னசோட்டா மொத்த ஆட்டத்திலும் பந்தோடு ஓடிச் சேர்த்தது 17 கஜம். பதினேழு! கிரீன் ஒரு பாஸைப் பறித்தார், கீழே விழுந்த பந்தையும் ஒன்று எடுத்தார். 1972, 1974 இரண்டிலும் லீகின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். 1975-இல் கழுத்து நரம்பில் அடிபட்டது, பழைய வேகம் அப்புறம் வரவில்லை, ஆனாலும் 1981 வரை ஆடினார். வேகம் போன பிறகு நிற்கும் இடத்தையும் கையையும் வைத்து ஆறு சீசன் சமாளித்தவனுக்குச் சொல்லிக் கொடுக்க நிறைய இருக்கும்.

டல்லாஸ்காரன்:
நடுவில் நுழைகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊர்க்காரர் எர்னி ஸ்டாட்னரை இந்தப் பேச்சில் யாரும் எடுக்காதது ஆச்சரியம். ஜெர்மனியில் பிறந்து, 1950 முதல் 1963 வரை ஸ்டீலர்ஸுக்கு டேக்கிள் ஆடி, ஹால் ஆஃப் ஃபேம் போனவர். 1966-இல் எங்கள் கவ்பாய்ஸுக்கு லைன் கோச்சாக வந்தார், 1973 முதல் 1988 வரை டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். 1977 சீசனின் சூப்பர் பவுலில் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்ட ராண்டி வைட், ஹார்வி மார்ட்டின் இரண்டு பேருமே அவருடைய லைன்காரர்கள். கிரீனை விடப் பல மடங்கு பெரிய கோச், அவருக்கும் என்எஃப்எல்-லில் ஹெட் கோச் பதவி கிடைக்கவில்லை. கடைசியில் ஐரோப்பாவுக்குப் போய் ஃபிராங்க்ஃபர்ட் அணியை வைத்து 1995 வேர்ல்ட் பவுல் ஜெயித்துக் காட்டினார். லைனில் புழுதி தின்றவர்களை மொத்த அணியைப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று முதலாளிகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். இது கிரீன் ஒருவர் கதை இல்லை.

எஃகுத்திரை75:
ஸ்டாட்னரை நாங்கள் மறக்கவில்லை ஐயா. ஸ்டீலர்ஸ் முதலில் ஓய்வு கொடுத்த (இனி யாரும் அணியக்கூடாது என்ற) ஜெர்சி எண் அவருடைய 70, 1964-இல். அடுத்தது கிரீனின் 75, 2014-இல். நடுவில் ஐம்பது வருஷம் வேறு எவனுக்கும் கிடையாது. அதோடு, ஸ்டாட்னரை 16 சீசன் கோஆர்டினேட்டராக வைத்திருந்தார்களே, கிரீனுக்கு அது கூட இல்லை.

நிறத்தைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கசக்கும், பரவாயில்லை. 1992-இல் 28 அணிகள், அதில் கறுப்பின ஹெட் கோச்சுகள் இரண்டே பேர், ஷெல், அப்புறம் புதிதாக வந்த டென்னிஸ் கிரீன். டோனி டஞ்சி நம்மிடம்தான் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டராக இருந்தார், 1988 சீசனுக்குப் பிறகு பதவியைக் குறைக்கிறோம் என்றார்கள், போய்விட்டார், பின்னால் இண்டியானாபொலிஸுக்கு சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்தார். ஹெட் கோச் தேடும்போது சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்ய வேண்டும் என்று 2003-இல் விதி வந்தது, அதற்கு அன்றைய ஸ்டீலர்ஸ் உரிமையாளர் டான் ரூனியின் பெயர். அதே ரூனிதான் 1992-இல் கவ்ஹரை எடுத்தவர்.

மூன்றாம்டவுன்:
லீகில் பாகுபாடு இருந்தது, அதை நான் எப்போது மறுத்தேன்? ஆனால் ரூனி கிரீனை வாசலிலேயே நிறுத்தவில்லை, கூப்பிட்டுக் கேட்டார், பிறகு இன்னொருவரை எடுத்தார். பின்னால் வந்த விதி கேட்பதும் அதைத்தானே? கோச்சாக கிரீன் சாதித்ததைப் பாருங்கள். அரிசோனாவில் 1996 முதல் 2003 வரை எட்டு சீசன், பிளேஆஃப் போனது ஒரே முறை, 1998. கடைசி சீசன் 4-12. என்ன மிச்சம்?

எஃகுத்திரை75:
மிச்சம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 1994-இல் மயாமியில் டிம் போவன்ஸ், லீகின் சிறந்த புதுமுக டிஃபென்ஸ் ஆட்டக்காரர். 1996-இல் அரிசோனாவில் சிமியோன் ரைஸ், அதே விருது, 12.5 சாக் (பந்தை எறியும் முன்பே எதிரணி குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது). மூன்று சீசனில் இரண்டு வெவ்வேறு ஊரில் இரண்டு பையன்கள், கோச் ஒருவர். ரைஸ் 1999-இல் 16.5 சாக் எடுத்தார், 2001-இல் டம்பா போய்விட்டார். ஆண்ட்ரே வாட்ஸ்வொர்த்தை 1998 டிராஃப்டில் மூன்றாவதாக எடுத்தார்கள், முழங்கால் போய்விட்டது. கோச் முழங்கால் தைத்துக் கொடுக்க முடியாது.

மூன்றாம்டவுன்:
அந்த ரைஸ் சூப்பர் பவுல் ஜெயித்தது டம்பாவில், நீங்கள் அலட்சியமாகத் தள்ளிவிட்ட மாரினெல்லியிடம்.

டல்லாஸ்காரன்:
ஹா, நல்ல அடி.

மூன்றாம்டவுன்:
இன்னொன்று. கிரீன் 2004-இல் ஸ்டீலர்ஸுக்கே திரும்பி வந்து ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் பிரிவில் 2013 வரை வேலை பார்த்தார். 2005, 2008 சீசன்களுக்கு இரண்டு சூப்பர் பவுல் மோதிரம் கிடைத்தது, அதில் முதலாவது கவ்ஹரின் அணி ஜெயித்தது. அநியாயம் நடந்திருந்தால் அந்த வாசலுக்கே திரும்ப வருவாரா?

எஃகுத்திரை75:
வருவார், ஏனென்றால் அது அவர் கட்டிய வீடு. அவர் மன்னித்தார் என்பதால் 1992 முடிவு சரியாகிவிடாது. கவ்ஹர் ஜெயித்தார் என்பதும் கிரீன் தோற்றிருப்பார் என்பதற்குச் சாட்சி இல்லை. ஹெட் கோச்சை விடுங்கள், மூன்று அணி, 17 சீசன், கோஆர்டினேட்டர் நாற்காலியில் கூட ஏன் உட்கார வைக்கவில்லை? இவ்வளவு நேரமாக அதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

மூன்றாம்டவுன்:
கோஆர்டினேட்டர் கேள்வியை மயாமியிடமும் அரிசோனாவிடமும் கேளுங்கள். 1992-இல் ரூனி நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் கவ்ஹரைத்தான் எடுத்திருப்பேன்.